ஃபார்மேட் மார்னா படேகா!

"ஃபார்மேட் மார்னா படேகா, சாப்."

ராய்ப்பூர், கான்பூர், இப்போது நாக்பூர் என்று வங்கி என்னைப் பந்தாடிய ஊர்களில் தண்ணீர் மாறியது, வெயில் மாறியது, இட்லி அரிசி கிடைக்கிற கடை மாறியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் சொல்லும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறவே இல்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லையா, ஃபார்மேட். பாட்டு கேட்கவில்லையா, ஃபார்மேட். போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு நிமிஷம் யோசிக்கிறதா, அதற்கும் ஃபார்மேட். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் கண்ணில் விழுந்த தூசிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் இரண்டாவது முறை போவோமா? இந்த வைத்தியர்களிடம் மட்டும் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்.

அந்த மூன்றாவது வியாதியைப் பற்றித்தான் இன்று புலம்பப் போகிறேன். ஃபோல்டர் மெதுவாகத் திறப்பது. உங்கள் வீட்டிலும் இருக்கும். வேர்டு ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது, பையனின் விளையாட்டுகூட ஓடுகிறது. ஆனால் 'போட்டோஸ்' ஃபோல்டரிலோ 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலோ எலிக்குட்டியை வைத்து இரண்டு தட்டு தட்டினால், மேலே முகவரிப் பட்டையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே போகும். அது மறுகரை போய்ச் சேர்வதற்குள் தங்கமணி காபி போட்டு, ஆற்றி, குடித்தும் முடித்துவிடுவார்.

என் ஆட்சேபணை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மற்றதெல்லாம் வேகமாக ஓடி, ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் அதுவே ஒரு தகவல். கிளையில் ஒரு வாடிக்கையாளர் வந்து "பாஸ்புக்கில் நேற்றைய பதிவு விழவில்லை" என்கிறார். "உங்கள் கணக்கையே மூடிவிட்டுப் புதுசாக ஒன்று திறந்துவிடலாம் சார்" என்று நான் சொன்னால் என் மேலதிகாரி என்னைச் சும்மா விடுவாரா? முதலில் பிரிண்டரைப் பார்ப்பேன், அப்புறம் கணக்கைப் பார்ப்பேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிகிற இந்தச் சாதாரண விஷயம், கம்ப்யூட்டரையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். ஏன் செய்வதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், இது ஏன் வெளியூரில் இருக்கிற நம்மை அதிகம் உதைக்கிறது? ஊரில் இருப்பவர்களுக்கு மரபீரோவின் அடித்தட்டில் ஆல்பம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு அலைவது? எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறோம். தாத்தாவின் கடைசி தீபாவளி, பெண் முதன்முதலில் தவழ்ந்தது, குலதெய்வம் கோயில் கிடாவெட்டு, அம்மா போனில் பேசியதைப் பதிந்து வைத்த ஒலிக்கோப்பு. அந்தப் பொட்டிதான் நமக்குப் பரண். ஊரில் என்றால் "டேய், வந்து என்னன்னு பாருடா" என்று கூப்பிட ஒரு சித்தப்பா மகன் இருப்பான். இங்கே அரைகுறை இந்தியில் "ஸ்லோ ஹை" என்று சொல்லிவிட்டு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம்.

எங்கள் குடியிருப்பில் எதிர் பிளாக்கில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், ரயில்வேக்காரர். போன வருஷம் அவர் வீட்டுப் பொட்டிக்கு இதே கேடு வந்தது. கடைக்குக் கொண்டுபோனார். (எந்தக் கடை என்பது வேண்டாம், எல்லாக் கடையும் அந்தக் கடைதான்.) "டி டிரைவில் இருப்பது ஒன்றும் போகாது" என்று வாக்குறுதி. போகவில்லைதான். ஆனால் அண்ணாச்சியின் அறுபதாம் கல்யாணப் படங்கள், திருக்கடையூரில் எடுத்தது, இருந்தது டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர் என்று எத்தனை வீடுகளில் தெரியும்? சி டிரைவைத் துடைத்து அதன் தலைமேலேயே புது விண்டோஸை இறக்கியாகிவிட்டது. மதனி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், வீட்டுக்கு வந்த பொட்டியில் போட்டோ ஃபோல்டர் முன்னைவிட மெதுவாகத் திறந்தது! "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன்.

டி டிரைவில் ஒரே ஃபோல்டரில் கிட்டத்தட்ட 14,000 படங்கள். செல்போனில் எடுத்தது, கல்யாண வீட்டில் எடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் பூங்கொத்துகள், வேல், மயில், எல்லாம். விண்டோஸ் என்ன செய்கிறது தெரியுமா? ஒரு ஃபோல்டருக்குள் எட்டிப் பார்க்கிறது. படம் அதிகம் இருந்தால், "ஓஹோ, இது புகைப்பட ஃபோல்டர்" என்று யாரையும் கேட்காமல் தானே முடிவுக்கு வந்துவிடுகிறது. முடிவு செய்ததும் பெயர், அளவு இரண்டோடு நிறுத்தாது. எடுத்த தேதி, டேக், ரேட்டிங் எல்லாம் காட்டக் கிளம்பும். படம் எடுத்த தேதி ஃபோல்டரின் பட்டியலில் இல்லை, ஒவ்வொரு படக் கோப்பின் வயிற்றுக்குள் இருக்கிறது. பட்டியலை அந்தத் தேதிப்படி அடுக்கச் சொல்லியிருந்தால் 14,000 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாக வேண்டும். ரெக்கார்டு ரூமில் ஃபைல் பட்டியல் கேட்டால், குமாஸ்தா ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து உள்ளே உள்ள வவுச்சரின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியல் எழுதுவேன் என்று அடம்பிடித்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம், நமக்குப் பிடித்த வேலை. சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி. தேடுகிற இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17. முள் நகர்ந்து போக இன்னொரு 9 என்று வைத்துக்கொள்வோம். ஆக ஒரு கோப்பைத் தொட 13 மில்லி நொடி. 14,000 கோப்புக்கு 182 நொடி. மூன்று நிமிஷம்! ஒரு கோப்புக்கு ஒரே தடவை தொட்டால் போதும் என்ற கருணைக் கணக்கு இது. இதில் வைரஸ் எங்கே இருக்கிறது? 'விண்டோஸ் கரப்ட்' எங்கே இருக்கிறது? வட்டு சுற்றுகிற வேகம், அவ்வளவுதான். எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் அது 7200தான்.

முன்னைவிட மெதுவானதற்கும் காரணம் உண்டு. சின்னப் படங்களை, தம்ப்நெயில் என்கிறோமே, விண்டோஸ் ஒருமுறை தயாரித்து ஓர் இடத்தில் சேமித்து வைக்கும். எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'தம்ப்ஸ் டிபி' என்று ஒரு கோப்பு ஒளிந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? விஸ்டாவிலிருந்து அது பயனருடைய கணக்குக்குள், சி டிரைவில் ஒரே இடத்துக்குப் போய்விட்டது. சி டிரைவைத் துடைத்தபோது அந்தச் சேமிப்பும் போச்சு. படங்களுக்கு மேல் உருட்ட உருட்ட, எல்லாவற்றையும் முதலில் இருந்து வரைய வேண்டும். வைத்தியர் மருந்து கொடுத்து வியாதியை வளர்த்தார் என்பது இதுதான். வாரம் ஒருமுறை 'டிஸ்க் கிளீனப்' ஓட்டி எல்லா டிக்கையும் போடுகிற சுத்தக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் 'தம்ப்நெயில்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதில் டிக் வேண்டாம்.

அண்ணாச்சி வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான். ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு, 'ப்ராப்பர்டீஸ்', அதில் 'கஸ்டமைஸ்' பக்கம். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'பிக்சர்ஸ்' என்று இருந்ததை 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றி, உள் ஃபோல்டர்களுக்கும் பொருந்தும்படி கீழே ஒரு டிக். பிறகு உள்ளே போய் 'டீடெயில்ஸ்' பார்வை, பெயர்ப்படி வரிசை. விண்டோஸ் 7, 10, 11 மூன்றிலும் இந்த இடம் இருக்கிறது. திறந்தது, மூச்சு விடுவதற்குள். காசு செலவில்லை. அப்புறம் உட்கார்ந்து வருஷவாரியாக ஃபோல்டர் போட்டுப் பிரித்தோம். வாட்ஸ்அப் படங்களைத் தனியாகத் தள்ளினோம். வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்துக்குள் இருக்கும் எடுத்த தேதியைக் கழற்றிவிடுகிறது, அதனால் தேதிப்படி அடுக்கினாலும் அவை எங்கோ ஒரு மூலையில்தான் கிடக்கும். காலை வணக்கங்களை அழிக்கலாமா என்று கேட்டேன். "சாமி படம் தம்பி" என்றார் மதனி. விட்டுவிட்டேன்.

அந்தத் திருக்கடையூர்ப் படங்கள் மட்டும் வரவே இல்லை.

இதில் மைக்ரோசாஃப்டையும் சும்மா விடுவதற்கில்லை. என் ஃபோல்டரை என்னைக் கேட்காமல் எந்த ஜாதி என்று முடிவு செய்ய நீ யார்? செய்வதுதான் செய்கிறாய், "இதில் நிறையப் படம் இருக்கிறது, தேதி பார்க்க நேரமாகும், பரவாயில்லையா?" என்று ஒரு வரி கேட்டால் என்ன? பச்சைக் கோடு ஊர்கிறதே தவிர, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஏ.டி.எம்.கூட "தங்கள் பரிவர்த்தனை நடைபெறுகிறது" என்று சொல்கிறது. காரணம் சொல்லாத மெத்தனம்தான் ஃபார்மேட் கடைகளுக்குச் சோறு போடுகிறது.

நிற்க. எல்லா மெதுவும் இந்த மெதுவல்ல.

'திஸ் பிசி'யைத் திறக்கும்போதே திணறுகிறதா? இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று ஏதாவது நெட்வொர்க் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கிறதா பாருங்கள். என் நண்பர் ஒருவர் வீட்டில், முந்தைய ஊரிலேயே விற்றுவிட்ட லேப்டாப்பின் ஃபோல்டர் இன்னும் இணைப்பில் இருந்தது. பொட்டி பாவம், ஒவ்வொரு முறையும் அந்த லேப்டாப்பைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அலுத்துப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. வலது சொடுக்கு, 'டிஸ்கனெக்ட்'. முடிந்தது. 'குயிக் அக்சஸ்' பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லாத ஊர் ஃபோல்டர்களுக்கும் இதே கதை.

இன்னொன்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு முதல் தடவை மட்டும் உர்ர்ர் என்று ஒரு சத்தம், சில நொடித் தாமதம், அப்புறம் வேகம் என்றால், இரண்டாவது வட்டு தூங்கி எழுந்திருக்கிறது என்று அர்த்தம். பவர் ஆப்ஷன்ஸில் 20 நிமிஷம் சும்மா இருந்தால் ஹார்ட் டிஸ்கை அணைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். இதற்கும் ஃபார்மேட் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூங்குகிறவனை எழுப்ப வீட்டை இடிக்க வேண்டுமா?

வலது சொடுக்கினால் மட்டும் தொங்குகிறது என்றால், நீங்கள் எப்போதோ போட்ட ஏதோ ஒரு மென்பொருள் அந்த மெனுவில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. வேண்டாததைக் கழற்றுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஓடினால் ஒன்றைக் கழற்றுங்கள், ஒரு வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன் வைத்தால் இரண்டு பேரும் உங்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் வகையறாக்கள் பக்கமே போக வேண்டாம். 14,000 படம் இருப்பதற்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2017ல் சிசிளீனர் என்ற பிரபலமான துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே விஷமிகள் நிரலைக் கலந்துவிட்டார்கள். சுமார் 22 லட்சம் கணினிகளுக்குப் போனது. துடைப்பத்திலேயே அழுக்கு!

இனி, நிஜமாகவே பயப்பட வேண்டிய நிலை. ஃபோல்டர் மெதுவாக இருப்பதோடு, டக் டக் என்று சத்தம் வருகிறது. குறிப்பிட்ட சில படங்களைத் தொட்டால் மட்டும் பொட்டியே உறைகிறது. 'டாஸ்க் மேனேஜரி'ல் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்குச் சில கேபிதான். இது வட்டு சாகப்போகிறது என்பதன் அறிகுறி. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது, 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால், உடனே முக்கியமானவற்றை வேறு வட்டுக்கு நகல் எடுங்கள். நகல் எடுக்கும் முன் 'செக் டிஸ்க்' ஓட்டி மணிக்கணக்கில் அதைப் பிராண்டாதீர்கள். சாகக் கிடப்பவரை ஓடவிட்டுச் சோதிப்பது மாதிரி அது. நம் வைத்தியர்கள் இந்த நிலையிலும் என்ன சொல்வார்கள்? சரிதான். அதே வட்டில் ஃபார்மேட்! ஒரு மாசத்தில் திரும்பப் போவீர்கள், "அப் நயா லேலோ சாப்" என்பார்கள்.

நயா லேலோ. இதுதான் இப்போதைய இரண்டாவது மந்திரம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ல் ஆதரவை நிறுத்தியதிலிருந்து, "சப்போர்ட் போய்விட்டது, அதனால்தான் ஸ்லோ" என்று கடை கடையாகச் சொல்கிறார்கள். இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கட்டுகிற தந்திரம் இது. ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அது நிஜமான ஆபத்து. வங்கிக்காரனாகவே சொல்கிறேன், திருத்தம் வராத பொட்டியில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள். பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட்டே ஒரு நீட்டிப்பை அறிவித்தது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆனால் ஆதரவு நின்ற மறுநாள் காலையில் ஃபோல்டர் மெதுவாகத் திறக்காது. ஹார்ட் டிஸ்க் மைக்ரோசாஃப்ட் அறிவிப்பைப் படிப்பதில்லை. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டால் அதே பொட்டி படம் பார்க்க இன்னும் பல வருஷம் உழைக்கும்.

வருமான வரி விதிகளில் கணினிக்குத் தேய்மானம் 60 சதவீதமாக இருந்தது, 2017ல் இருந்து 40 என்று குறைத்தார்கள். அது தொழில் செய்கிறவன் கணக்குப் புத்தகத்துக்கு. வீட்டுப் பொட்டிக்கு யாரும் தேய்மானம் தருவதில்லை, புதுசு வாங்கினால் முழுக்க நம் சம்பளப் பணம். அந்தக் காசில் சிறு பங்கைப் போட்டுச் சுழலும் வட்டுக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினால், மேலே போட்ட மூன்று நிமிஷக் கணக்கே அடிபட்டுப் போகும், அதில் சுற்றுவதற்கு வட்டும் இல்லை, நகர்வதற்கு முள்ளும் இல்லை. பழைய வட்டை அழிக்காமல் அப்படியே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யிலும் நகல் அவசியம். அதில் அழித்ததை மீட்பது ஹார்ட் டிஸ்கைவிடக் கடினம்.

சரி, கடைக்காரர்கள் ஏன் இப்படி? நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். கண்டுபிடித்து ஒரு டிக்கை எடுத்துவிட்டு "ஐந்நூறு ரூபாய்" என்று அவர் கேட்டால், நாம் கொடுப்போமா? "ஒரு டிக் எடுத்ததுக்கா?" என்று சண்டைக்குப் போவோம். அதையே "ஃபுல்லா ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டிருக்கேன்" என்றால் மறுபேச்சில்லாமல் நீட்டுகிறோம். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே மதிக்காத பரம்பரை அல்லவா! மூளைக்குக் காசு கொடுக்க மனசில்லை, உழைப்பு மாதிரி தெரிவதற்குக் கொடுக்கிறோம். அவர் நம்மைப் படித்து வைத்திருக்கிறார்.

அதனால் அடுத்த முறை போகும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பெஹலே டிஸ்க் கா ஹெல்த் திகாவோ. தேக்னே கா பைசா அலக் தூங்கா." முதலில் வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டு, பார்ப்பதற்குத் தனியாகக் காசு தருகிறேன் என்று. நான் இங்கே இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு சின்னப் பையன், முகமெல்லாம் மலர்ந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு எண்ணாக விளக்கினான். இப்போது எங்கள் குடியிருப்பே அவனிடம்தான் போகிறது.

பொட்டியை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் ஜாப் கார்டு வாங்குங்கள். அதில் "எந்த டிரைவிலும் டேட்டா அழிக்கக் கூடாது, கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் பொட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழித்தால், 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே பேசும்போது கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும். அண்ணாச்சி கையில் இருந்தது வெறும் பில். அதில் எழுதியிருந்தது "சாஃப்ட்வேர் சர்வீஸ்" என்ற இரண்டே வார்த்தை.